தட்டையான நாட்டில் ஒரு சறுக்குக் கல்லூரி

நான் இருபது வருடத்துக்கும் மேலாக யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன். சாய்தளம் எனக்குக் கைவந்த பாடம். கரும்பலகையில் ஒரு முக்கோணம் கீறி, அதன் சரிவில் ஒரு சிறு சதுரத்தை வைத்து, அந்தச் சதுரம் என்ன வேகத்தில் கீழே வரும் என்று பிள்ளைகளிடம் கேட்பேன். சதுரத்துக்கு அப்போது என்ன மனநிலை இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. சென்ற ஒக்டோபரில் டென்மார்க்கில், ஒரு பிளாஸ்டிக் மலையின் உச்சியில், இரண்டு காலிலும் நீளப் பலகைகளைக் கட்டிக்கொண்டு நின்றபோதுதான் யோசித்தேன்.

நான் அங்கே போனது சறுக்குவதற்கு அல்ல, தூது போவதற்கு. என் அக்கா வசந்தி ஹேர்னிங்கில் இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றில் வேலை. அவளுடைய ஒரே மகள் நிவேதா படிப்பில் சூரப்புலி. மருத்துவம் படிக்க இடம் கிடைத்தது. படிப்பு பெப்ரவரியில் தொடங்கும். செய்தி வந்த அன்றே அக்கா ஹேர்னிங், எஸ்பியர்க், டோஸ்ட்ருப் என்று டென்மார்க்கில் தெரிந்த தமிழர் எல்லோருக்கும் ரெலிபோன் எடுத்து, மகள் டொக்டராகிவிட்டாள் என்ற அளவுக்குச் சொல்லி முடித்துவிட்டாள்.

மகளோ பெப்ரவரி வரை சும்மா இருக்காமல் வடக்கே கடலேரிக் கரையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தாள். பாடம்: பனிச்சறுக்கும் ஸ்னோபோர்டும். அக்கா அதை முதலில் பகிடி என்று நினைத்தாள். பிறகு, பெப்ரவரியிலும் மருத்துவத்துக்குப் போவேனோ தெரியாது என்று மகள் டெனிஷில் சொன்னாள். அக்கா தமிழில் கத்தினாள். அன்றிலிருந்து தாயும் மகளும் கதைப்பதில்லை. ஊருக்கு மட்டும் அக்கா, "ஓம், படிக்கிறா. ஹொஸ்டல்ல நிக்கிறா" என்று சொல்லிவந்தாள். இரண்டுமே பொய் இல்லை.

"நீ ஒரு மாஸ்டர். மாமன் வேற. நீ சொன்னால் கேப்பாள்," என்றாள் அக்கா. "பெப்ரவரியில டொக்டர் படிப்புக்குப் போறன் எண்டு அவளின்ர வாயால சொல்ல வைச்சுக் கொண்டு வா."

இலையுதிர்கால விடுமுறையில் அந்தக் கல்லூரி வெளியாட்களுக்கும் ஒரு வாரம் பாடம் நடத்துகிறதாம். சும்மா போனால் மகள் சந்தேகப்படுவாள் என்று, அக்கா என்னைத் தொடக்கநிலைச் சறுக்கு வகுப்பில் மாணவனாகவே சேர்த்துவிட்டிருந்தாள். நான் போய் இறங்கிய பிறகுதான் அது எனக்குத் தெரியும்.

புறப்படுவதற்கு முதல்நாள் அத்தான் என்னை நாடு காட்டக் கூட்டிப்போனார். அத்தான் அதிகம் கதைக்காத மனிதர். தொழிற்சாலையில் இயந்திரங்களோடு நின்று அந்தப் பழக்கம் வந்ததென்பார். காரணம் வீட்டிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். வானமலை என்று பொருள்படும் பெயருள்ள ஒரு மலைக்குக் காரை விட்டார். இறங்கிக் கொஞ்சத் தூரம் நடந்தோம். கீழே ஏரி அழகாகத்தான் இருந்தது.

"மலையில எப்ப ஏறுவம், அத்தான்?" என்று கேட்டேன்.

"ஏறியாச்சு," என்றார்.

எனக்கு எங்கள் கீரிமலை ஞாபகம் வந்தது. அங்கேயும் மலை இல்லை. ஆனால் கீரிமலையில் ஒருவரும் சறுக்குவதற்குக் கல்லூரி கட்டவில்லை.

திங்கட்கிழமை காலை ரயில் ஏறினேன். பெட்டியில் அப்படியொரு அமைதி. எங்கள் ஊரில் செத்தவீட்டில்கூட இத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு இருக்கமாட்டார்கள். எல்லோருக்கும் ஏதோ துக்கம்போல என்று நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தேன். அப்போது அக்கா ரெலிபோன் எடுத்தாள். அக்காவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"ஏறிட்டியே? வடை சாப்பிட்டியே? மிளகாய்த்தூள் போத்தல் திறந்து உடுப்பில கொட்டுப்படேல்லையே?"

பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது. முன்னால் இருந்தவர் மிக மரியாதையாக யன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த படத்தைக் காட்டினார். உதட்டில் விரல் வைத்த ஒரு முகம். இது மௌனப் பெட்டியாம். பேசுவதற்கென்று வேறு பெட்டிகள் இருக்கின்றனவாம். அவற்றின் வழியாகவும் பிறகு நடந்து பார்த்தேன். அங்கேயும் ஒருவரும் பேசவில்லை.

பாதி வழியில் தண்டவாளத் திருத்தவேலை என்று எங்களை இறக்கி பஸ்ஸில் ஏற்றினார்கள். மௌனப் பெட்டியில் வாங்கிய அடியில், பஸ் சாரதியிடம் இடம் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை. ஒரு தரிப்பு முந்தியே இறங்கிவிட்டேன். பீற்றூட் வயல்களுக்கு நடுவில், பக்கவாட்டில் அடிக்கும் மழையில், சில்லுப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். வடை நனைந்துவிட்டது.

கல்லூரி வாசலில் என்னை வரவேற்றது மெட்டே. சறுக்குப் பாடத்தின் ஆசிரியை. நெடிய பெண், முப்பது வயதிருக்கும். நனைந்த என்னைக் கட்டிப்பிடித்தாள். எங்கள் அதிபர் என்னைக் கைகுலுக்கியே பல வருடமாகிறது.

நான் ஆசிரியன் என்ற முறையில் முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். மதிப்பீடு எப்படி? எழுத்துப் பரீட்சையா, செய்முறையா?

"கடைசி நாள் கேக் இருக்கிறது," என்றாள் மெட்டே ஆங்கிலத்தில்.

"சித்தி, சித்தியின்மை?"

"சந்தோஷமாக இருந்தால் சித்தி."

"இல்லாவிட்டால்?"

அப்படி ஒருவரும் இதுவரை வந்ததில்லை என்றாள் மெட்டே. இந்தவகைக் கல்லூரிகளில் பரீட்சையும் கிடையாது, புள்ளியும் கிடையாது. இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்பது எனக்கு அப்போதே பெரிய பிரச்சினையாகப்பட்டது.

மலை கல்லூரிக்குப் பின்னால் இருந்தது. பழைய காலத்தில் ஊர்க்குப்பை கொட்டிய இடமாம். அதை மண்போட்டு மூடி, மேலே பச்சைப் பிளாஸ்டிக் விரிப்பு விரித்திருந்தார்கள். வீடு கூட்டும் தும்புத்தடிகளை ஆயிரக்கணக்கில் தலைகீழாக நட்டுவைத்த மாதிரி அதன் மயிர் மேல்நோக்கி நின்றது. பனியில்லாத காலத்தில் அதன்மேல்தான் பழகுவார்கள். ஒரு நாட்டிடம் மலையும் இல்லாமல், பனியும் பாதிநாள் இல்லாமல், மலைக்கும் பனிக்குமான கல்லூரி மட்டும் இருப்பது எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

சப்பாத்து அறைக்குப் போனேன். சறுக்குச் சப்பாத்து என்பது சீமெந்து வாளிக்குள் காலை விட்டு, அது இறுகும்வரை பொறுத்திருப்பது போன்றது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வாங்கிலிருந்து ஒரு குரல் "முருகா!" என்றது.

திரும்பிப் பார்த்தேன். அறுபது தாண்டிய ஒருவர். ஹெல்மெட்டுக்குக் கீழே திருநீறு.

"தமிழோ?" என்றார் அவர்.

"ஓம்."

"எவடம்?"

பத்து நிமிடத்தில் எங்களுக்குள் இரண்டு சொந்தமும் ஒரு காணிப் பிரச்சினையும் இருப்பது தெரியவந்தது. அவர் பெயர் பரராசா. ஹேர்னிங்கில் எந்தக் கலியாண வீடென்றாலும் பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடென்றாலும் மைக் பிடித்து நிகழ்ச்சி நடத்துகிறவர் இவர்தான். அக்கா வாயால் நான் அடிக்கடி கேட்ட பெயர். மைக் இல்லாத வேளையிலும் அவர் அதே வேலையைத்தான் செய்கிறார் என்பாள். அக்காவின் மானம் மரியாதை எல்லாம் இந்த மனிதரின் நாக்கில் இருந்தது.

அந்த நேரம் பார்த்து, கைநிறைய ஹெல்மெட்டுகளோடு நிவேதா உள்ளே வந்தாள். நீண்டநாள் மாணவி என்பதால் இந்த வாரம் மெட்டேக்கு உதவி ஆசிரியை.

"பிள்ளை!" என்றார் பரராசா அண்ணை. "உன்ர சாமத்தியவீட்டுக்கு மைக் பிடிச்சது நானெல்லோ! நீ டொக்டருக்குப் படிக்கிறாய் எண்டு அம்மா சொன்னவ. இஞ்ச என்ன செய்யிறாய்?"

நிவேதா உண்மையைச் சொல்ல வாய் திறந்தாள். நான் பாய்ந்துவிழுந்து, "லீவு, அண்ணை. லீவில வந்து உதவி செய்யிறா," என்றேன். மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் என் தூது அந்த இடத்திலேயே அரைவாசி தோற்றது.

பரராசா அண்ணை அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு அவருடைய கவலை. அவரின் மகன் டெனிஷ் பெண்ணைக் கட்டியவர். குடும்பமே ஒவ்வொரு வருடமும் நோர்வேக்குச் சறுக்கப் போகிறது. சென்றமுறை அண்ணை மர வீட்டுக்குள் இருந்து எல்லோருக்கும் உருளைக்கிழங்கு அவித்தாராம். சம்பந்தியம்மா, அவரைவிட மூத்தவ, யன்னலுக்கு வெளியே சறுக்கிக்கொண்டே கை காட்டினாவாம்.

"அந்தக் கை காட்டினதை என்னால மறக்கேலாது, மாஸ்டர்," என்றார். "மனிசிக்குப் பிரஷருக்கு ஓய்வெடுக்கிற காம்ப் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கிறன். தெரிஞ்சால் இடுப்பு உடையும் எண்டு விடமாட்டாள். நீங்கள் ஒருதருக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

செவ்வாய்க்கிழமை காலை, எல்லோரும் சேர்ந்து பாட்டுப் பாடினார்கள். தினமும் இப்படித்தானாம். பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாடி வளர்ந்தவன் என்பதால் நானும் எழுந்து கண்ணை மூடிக்கொண்டேன். பாட்டு கடவுளைப்பற்றி அல்ல, ஒக்டோபர் மழையைப்பற்றி என்று பக்கத்தில் நின்ற இங்கா சொன்னாள். ஓய்வுபெற்ற தபால்காரி. வாழ்நாள் முழுவதும் அந்த மழையில் சைக்கிள் ஓடியவள். என்றாலும் உருகிப் பாடினாள்.

சாப்பாடு கறுப்புப் பாண். அதன்மேல் ஊறவைத்த பச்சை மீன். மீன் இனிக்கிறது. மீன் ஏன் இனிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மிளகாய்த்தூள் போத்தலை எடுத்தேன். இங்காவும் கொஞ்சம் கேட்டாள். கண்ணில் நீர் வழிய, பக்கத்து மேசைக்கு ஏதோ சொன்னாள். "நாற்பது வருடமாக இந்த மீனில் என்னவோ குறைகிறது என்று நினைத்தேன்" என்று சொன்னாளாம். நிவேதா மொழிபெயர்த்தாள். அன்று மாலைக்குள் போத்தல் மேசை மேசையாகச் சுற்றத் தொடங்கியது.

மலையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கயிறொன்றில் தொங்கும் வட்டத்தட்டைக் கால்களுக்கிடையில் வைத்துக்கொண்டு நிற்க, அது மேலே இழுத்துப்போகும். போனேன். பலகைகளின் முன்பக்கத்தைக் கிட்ட வைத்துப் பின்பக்கத்தை விரித்தால் வேகம் குறையும். அந்த நிலைக்குப் பெயர் கலப்பையாம். எங்கள் குடும்பத்தில் கலப்பை பிடிக்கக் கூடாதென்றுதான் என்னைப் படிக்கவைத்தார்கள். பிளாஸ்டிக்கின்மேல் உராய்வு குறையட்டும் என்று தண்ணீர் வேறு தெளித்தார்கள். உராய்வை வாழ்நாள் முழுக்க ஒரு தொல்லையாகவே படிப்பித்தவன் நான். அதன் அருமை அன்று தெரிந்தது.

விழுந்தேன். பரராசா அண்ணை என்மேல் விழுந்தார். "உடம்பைத் தளர்த்துங்கள்!" என்று மெட்டே ஆங்கிலத்தில் கத்தினாள். சிறுவயதிலிருந்து நிமிர்ந்து நில் நிமிர்ந்து நில் என்று அடிவாங்கி வளர்ந்த இரண்டு பேர் நாங்கள். நிமிர்ந்து நின்றோம், நிமிர்ந்தபடியே விழுந்தோம். எங்களுக்குப் பின்னால் வந்த இங்கா, ஒரு கடிதத்தைப் பெட்டிக்குள் போடுவதுபோல அலுங்காமல் இறங்கிப்போனாள்.

புதன்கிழமை, மெட்டே எங்கள் இருவரையும் நிவேதாவிடம் ஒப்படைத்துவிட்டாள். நிவேதா முதலில் டெனிஷில் தொடங்கி ஆங்கிலத்துக்கு மாறினாள். பயம் வந்தால் எனக்கு ஆங்கிலம் விளங்காது. பரராசா அண்ணைக்கோ பயத்தில் இரண்டுமே விளங்காது. அவள் பலகைகளைக் கழற்றிவிட்டு, நெற்றியைத் தேய்த்தாள். அவள் தமிழில் சொல் தேடுகிறாள் என்பது தெரிந்தது.

"மாமா, முழங்கால்... இப்பிடி... அம்மா தேங்காய் திருவேக்க எப்பிடி இருப்பா? திருவலையில? முழங்காலை மடிச்சு, பாரத்தை முன்னுக்குப் போட்டு? அப்பிடி. பிறகு ஆரோ கதவு தட்டினால், திருவுறதை விடாமல் அரைவாசி எழும்புவா எல்லோ? அந்த அரைவாசியில நில்லுங்கோ. அங்கிள், நீங்களும்."

நாங்கள் இருவரும் உடனே அந்த இடத்தில் குந்தினோம். இதற்கு விளக்கம் தேவையில்லை. முழங்கால் மடிந்தது, தலை முன்னுக்குப் போனது, பலகை தானாக நகர்ந்தது. விழாமல் அடிவரை வந்துவிட்டோம். பரராசா அண்ணை அழுதேவிட்டார். ஹேர்னிங்கில் ஒரு சமையலறையில் என் அக்கா தேங்காய் திருவுவதைச் சின்னப் பிள்ளையாக நின்று இவள் எவ்வளவு கவனமாகப் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மெட்டே ஓடிவந்து அது என்ன மந்திரம் என்று கேட்டாள். பின்னேரம் பார்த்தால், ஓய்வுபெற்ற டெனிஷ்காரர் வரிசையாகக் குந்திநின்று "திருவலே! திருவலே!" என்று கத்திக்கொண்டு இறங்குகிறார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பாத்திரம் கழுவும் முறை எனக்கும் நிவேதாவுக்கும். இந்தக் கல்லூரியில் எல்லோரும் முறைவைத்துக் கழுவ வேண்டும். தூது சொல்ல இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று, கையில் கோப்பையோடு தொடங்கினேன். மருத்துவத்தின் பெருமை, அம்மாவின் கனவு, பெப்ரவரி. நன்றாகத்தான் பேசினேன்.

அவள் முழுவதையும் கேட்டாள். "நான் போகேல்ல, மாமா," என்றாள். "இடத்தை விட்டுக்குடுத்திட்டன். போன கிழமை. ஜனவரியில நோர்வேயில வேலை. இதே வேலை."

என் கையிலிருந்த கோப்பையை அவள் வாங்கி வைத்தாள்.

"அம்மாட்டைச் சொன்னியே?"

"ஓகஸ்டில சொல்லத் தொடங்கினனான். டெனிஷில சொன்னால் மரியாதை இல்லை எண்டுறா. தமிழில எனக்கு அவ்வளவு சொல்லு வராது. நான் கதைக்க முதல் அவ கத்துறா. நீங்கள் சொல்லுறியளே, மாமா?"

மகளிடமிருந்து ஒரு சொல் வாங்கிவர வந்தவன், தாயிடம் ஒரு சொல் கொண்டுபோக வேண்டியவனாகிவிட்டேன். ஓம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்து மிச்ச வாரம் முழுவதும் நடுங்கினேன்.

வியாழக்கிழமை மூன்று தரம் அக்கா ரெலிபோன் எடுத்தாள். மூன்று தரமும் நான் சாப்பாட்டைப்பற்றிச் சொன்னேன்.

"மீன் கிடக்கட்டும். என்னவாம் அவள்?"

"யோசிக்கிறாள், அக்கா."

"யோசிக்க என்ன கிடக்கு?"

"அக்கா, சத்தம் விட்டுவிட்டுக் கேக்குது," என்று வைத்துவிட்டேன். டென்மார்க்கில் காட்டுக்குள்ளும் சத்தம் தெளிவாகக் கேட்கும் என்பது இருவருக்கும் தெரியும்.

உண்மையில் நான் அந்த நேரமெல்லாம் மருமகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்னோபோர்டில் அவள் பக்கவாட்டாக நின்று வரும்போது அழகுதான். ஆனால் என்னைப் பிடித்தது அதுவல்ல. விழுந்த கிழவிக்குப் பக்கத்தில் தானும் இருந்து, எழுப்பாமல், எழும்ப வைப்பாள். என் வகுப்பில் பிள்ளைகள் முதலாம் ஆளாக வந்திருக்கிறார்கள், பொறியியலாளர் ஆகியிருக்கிறார்கள். சிரித்துக்கொண்டு ஒருவரும் படித்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பரராசா அண்ணை அவளிடம், ஜனவரியில் தங்கள் குடும்பம் போகும்போது ஒரு நாள் வந்து சொல்லித்தர முடியுமா என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்காமல் பதில் சொன்னாள். "நான் அங்கதான் நிப்பன், அங்கிள். டொக்டருக்குப் படிக்கேல்ல. விட்டிட்டன்."

அண்ணை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மைக் பிடிக்கிற முகம் அல்ல அது. "வசந்திக்குத் தெரியாதோ?"

"நாளைக்குச் சொல்லவேணும்."

"நான் வாய் திறக்கமாட்டன், மாஸ்டர். என்ர விசயமும் உங்கட கையிலதானே இருக்கு," என்றார்.

சனிக்கிழமை குடும்பத்தினர் வரும் நாள். மலையடிவாரத்தில் மேசை போட்டு, குட்டிக் குட்டி டெனிஷ் கொடிகள் குத்திய கேக் வைத்திருந்தார்கள். அக்கா அத்தானோடு வந்தாள். சேலை, அதன்மேல் முழங்கால்வரை குளிர்ச்சட்டை, கையில் கட்டாயம் ஒரு பெரிய சட்டி. கத்தரிக்காய்க் குழம்பு. யாரும் கேட்கவில்லை, யாரும் வேண்டாமென்றும் சொல்லவில்லை.

வந்ததும் மெட்டேயைப் பிடித்து டெனிஷில் ஏதோ கேட்டாள். மெட்டே சிரித்துப் பதில் சொன்னாள். அக்கா முகம் கறுத்துத் திரும்பினாள்.

"வகுப்பில நீ எத்தினையாம் பிள்ளை எண்டு கேட்டனான். எல்லாரும் முதலாம் பிள்ளையாம். எல்லாரும் முதலாம் பிள்ளையெண்டால் அதென்ன படிப்பு?" பிறகு குரலைத் தணித்தாள். "சரி, சொல்லு. பெப்ரவரிக்கு என்னவாம்?"

"சறுக்கிப்போட்டு வந்து சொல்லுறன்," என்று நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விட்டேன். அக்காவிடமிருந்து தப்ப அந்த நாட்டில் இருந்த ஒரே மலை அது.

உச்சியில் பரராசா அண்ணை சிலையாக நின்றார். "மாஸ்டர், கீழ நிக்கிறது வசந்தியெல்லோ?"

"ஓம், அண்ணை."

"அவ என்னைக் கண்டால் நாளைக்கே மனிசிக்குத் தெரியும்," என்றார். இனி இறங்கவேமாட்டேன் என்று இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

நான் புறப்பட்டேன். திருவலையில் குந்தி, பாரத்தை முன்னே போட்டு, முக்கால்வாசித் தூரம் மிக நன்றாக வந்தேன். அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்த இடத்தில் முழங்கால் நிமிர்ந்துவிட்டது. அக்காவின் காலடியில், கை இரண்டும் முன்னே நீட்டி, நெஞ்சு நிலத்தில் படக் கிடந்தேன். டெனிஷ்காரர் கைதட்டினார்கள். இங்கா, இது உங்கள் மதத்தில் உள்ள வணக்கமா என்று கேட்டாள்.

"எழும்படா," என்றாள் அக்கா. ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நிவேதா மேலே போயிருந்தாள். அண்ணையின் கையை ஒவ்வொரு விரலாகக் கம்பத்திலிருந்து எடுத்தாள். அவருக்கு முன்னால் தான் திரும்பி நின்று, அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, முதுகுப்பக்கமாகச் சறுக்கத் தொடங்கினாள். காற்று எங்கள் பக்கம் வீசியது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"கீழ பாக்காதேங்கோ, அங்கிள். என்னைப் பாருங்கோ. ஒண்டும் நடக்காது, நான் பிடிச்சிருக்கிறன். அம்மா திருவலையில இருக்கிற மாதிரி. ஓம், அப்பிடித்தான். அம்மாவின்ர கதவை ஆரோ தட்டுகினம், அரைவாசி எழும்புங்கோ. அரைவாசிதான்! எங்கட அம்மா கையை வெட்டிக்கொண்டதே இல்லை, அங்கிள். நீங்களும் விழமாட்டியள்."

அக்கா சட்டியை மேசையில் வைத்தாள்.

"இவளுக்கு இவ்வளவு தமிழ் எங்கால?" என்றாள் அத்தானிடம். அத்தான் மூக்கை உறிஞ்சினார்.

அண்ணை அடிவரை வந்து சேர்ந்தார். எல்லோரும் கொடியை ஆட்டினார்கள். அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே, சறுக்குப் பலகையோடு நாலு எட்டு வைத்து நேரே அக்காவிடம் வந்தார். நான் அக்காவிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

"வசந்தி, ஒண்டும் யோசியாதை," என்றார் இரகசியக் குரலில். அவருடைய இரகசியக் குரல் மற்றவர்களின் சாதாரணக் குரல். "பிள்ளை டொக்டர் படிப்பை விட்டதும் தெரியும், நோர்வேக்குப் போறதும் தெரியும். என்ர வாயிலயிருந்து ஒரு சொல்லும் வராது. நீ என்னை இஞ்ச காணேல்ல. நான் உன்ர பிள்ளையை இஞ்ச காணேல்ல. சரியே?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கேக்கைப் பார்த்தேன். ஒரு வாரமாக நான் தூக்கித் திரிந்ததை அந்த மனிதர் ஒரே மூச்சில் இறக்கிவைத்துவிட்டார். நிவேதா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

இப்போது அக்கா ஒரு சொல் சொன்னால் போதும். சரி அண்ணை என்றால் போதும். ஹேர்னிங்கில் அவள் மகள் டொக்டராகவே இருப்பாள். டென்மார்க்கிலேயே மிகப் பெரிய வாய் மூடித் தரப்படுகிறது. எனக்கு அக்காவைத் தெரியும். அவள் அதை வாங்கிக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

"நான் உங்களைக் காணேல்ல, அண்ணை," என்றாள் அக்கா. "சத்தியமாக் காணேல்ல."

அண்ணை மூச்சு விட்டார்.

"ஆனா நீங்கள் என்ர பிள்ளையைக் கண்டனீங்கள். ஆரும் கேட்டால் சொல்லுங்கோ. என்ன செய்யிறாள் எண்டு கேட்டால், கண்டதைச் சொல்லுங்கோ. மைக்கிலயும் சொல்லுங்கோ."

"மைக்கில சொன்னால், எங்க கண்டனீங்கள் எண்டு மனிசி கேப்பாளே, வசந்தி!"

"அது உங்கட பாடு."

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். கோபம் போய்விடவில்லை, குரலில் அப்படியே இருந்தது. "இடத்தை விட்டுப்போட்டு மாமாவிட்டைச் சொல்லத் தெரியுது. எனக்குச் சொல்லத் தெரியேல்ல. அதைப்பற்றி வீட்டை வா, கதைக்கிறன். சாப்பிட்டியே?"

"இல்லை, அம்மா."

"மெலிஞ்சு போனாய். என்ர திருவலையை மலைக்கெல்லாம் இழுத்துக்கொண்டு திரியிறாய்." சொல்லும்போதே அக்காவின் கண் நிறைந்துவிட்டது. குனிந்து சட்டியின் மூடியைத் திறந்தாள்.

கறுப்புப் பாணில் கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றி இங்கா இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மெட்டே எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு கொடி குத்திய கேக் துண்டு தந்து, நீங்கள் சித்தி என்றாள். நான் என் கொடியைப் பையில் வைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் காட்ட வேறு அத்தாட்சி இல்லை. புறப்படும்போது நிவேதா கார்க் கதவுவரை வந்து, "போட்டு வாங்கோ, அம்மா," என்றாள். அக்கா யன்னலை இறக்கி, அவளுடைய சட்டையின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

பீற்றூட் வயல்களைத் தாண்டுவதற்குள் அக்காவின் ரெலிபோன் அடித்தது. ஹேர்னிங் சிநேகிதி ஒருத்தி. முழங்கால் வலியாம், டொக்டர் மகளிடம் கேட்டுச் சொல்லட்டாம். அத்தான் வேகத்தைக் குறைத்தார். நான் பின்சீற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அவ டொக்டருக்குப் படிக்கேல்லையடி," என்றாள் அக்கா. "இல்லை, விட்டிட்டா. பனியில சறுக்கப் படிப்பிக்கப் போறா. ஓம், பனியில. நோர்வேயில. ஓம், அதுக்கும் படிப்பிருக்கு. கொலிஜ்."

அதிலும் முதலாம், இரண்டாம் உண்டோ என்று அந்தப் பக்கம் நீளமாகக் கேட்டது. அக்கா பொறுமையாகக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஏன் இல்லை? அந்தக் கொலிஜில அவதான் முதலாம் பிள்ளை. நம்பாட்டில் என்ர தம்பியைக் கேள், அவன் அங்க படிச்சவன்."

ரெலிபோன் பின்சீற்றுக்கு வந்தது. பரீட்சையே இல்லாத கல்லூரி அது. புள்ளி இல்லை, நிலை இல்லை. நான் ஆயுள் முழுக்கப் புள்ளி போட்டவன்.

"ஓம்," என்றேன். "முதலாம் பிள்ளைதான்."